தீபகற்பத்தில் பதற்றம், ஜெபல் அலியில் ஒரு பட்டறை

கோவையிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பிய விமானம் ஷார்ஜாவில் இறங்கியபோது அங்கே அப்போதுதான் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வெளியே சுகந்தி கையசைத்தாள். பல வருடங்களாகப் போனில் மட்டுமே பேசிப் பழகியவள். கோவையில் கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் பம்ப் உதிரிபாகக் கடையிலிருந்து அவளுடைய பட்டறைக்குச் சரக்குப் போகும். அப்படித்தான் பழக்கம். சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம். துபாய்க்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதாம்.

"வாங்கோ விஜியக்கா. குரலை வச்சு உங்களை இன்னும் உயரமா நினைச்சிருந்தனான்," என்று கட்டிக்கொண்டாள்.

அவள் வீடு துபாயில், கராமா பகுதியில். உயரம் குறைந்த பழைய அடுக்ககங்கள், பால்கனியெல்லாம் துணிக்கொடிகள், கீழே வரிசையாக நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைகள். பெட்டியை வைத்துவிட்டு அவற்றில் ஒன்றில் உட்கார்ந்தோம். பொங்கலும் வடையும் பன்னிரண்டு திர்ஹம், டீ இரண்டு. பொங்கலில் நெய் மணந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் தஞ்சாவூர்ப் பேச்சில் சட்னி கேட்டார். பரிமாறியவர் மலையாளத்தில் பதில் சொன்னார். கல்லாவில் இருந்தவர் இருவரிடமும் இந்தியில் பேசினார். யாருக்கும் எதுவும் குழம்பவில்லை.

சாப்பாட்டின் நடுவில் சுகந்தியின் போன் அதிர்ந்தது. படித்துவிட்டு வடையை அப்படியே தட்டில் வைத்தாள்.

"கொரியாவில எல்லைப் பக்கம் திரும்பவும் பிரச்சினையாம். ரெண்டு பக்கத்து ஆமியும் தயாரா நிக்குதாம். சந்தை விழுந்திட்டுது."

"அதுக்கு நீ ஏன் கண்ணு சாப்பாட்டை வெக்கிறே?"

"எங்கட புதுப் பட்டறைக்குக் காசு போடுற ஆக்கள் அங்கதானக்கா இருக்கினம். இண்டைக்குத்தான் கையெழுத்து."

கராமாவிலிருந்து, பட்டறை இருக்கும் ஜெபல் அலிக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். மெட்ரோவில் போனோம், கட்டணம் ஏழரை திர்ஹம். ஓட்டுநர் இல்லாத ரயில். பெண்களுக்கென்று தனிப் பெட்டி, அதன் எல்லையைக் காட்டத் தரையில் இளஞ்சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி ஓர் ஆண்கூடக் கால் வைக்கவில்லை. நம்மூர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிக் கோபுரங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் பெரும்பாலும் மணலாக இருந்த இடம். இத்தனை லட்சம் பேர் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு கடலிலிருந்து எடுத்து உப்பு நீக்கியது என்று சுகந்தி சொன்னபோது, கோபுரங்களைவிட அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. அந்த ஆலைகளில் ஓடும் பெரிய பம்ப்புகளைப் பழுதுபார்ப்பதுதான் அவளுடைய பட்டறையின் வேலை.

ஜெபல் அலி வேறு ஓர் உலகம். தொலைவில் துறைமுகத்துப் பளுதூக்கிகள், இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடங்குகள். சுகந்தியோடு சேர்ந்து பட்டறையை நடத்துகிறவர் ஹான் என்ற கொரியர். ஐம்பது வயது இருக்கும். ஒரு பெரிய ஆலை கட்டும் வேலைக்குப் பொறியாளராக வந்து, அது முடிந்ததும் இங்கேயே தங்கித் தொழில் தொடங்கியவர். ஆங்கிலம் கொஞ்சம், சைட்டில் கற்ற இந்தி கொஞ்சம். என்னைப் பார்த்ததும் இடுப்பை வளைத்து வணங்கி, "கோயம்புத்தூர்! பம்ப் சிட்டி! அச்சா, பஹுத் அச்சா!" என்றார். ஏழு கடல் தாண்டி எங்கள் ஊர்ப் பெயருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்குமென்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்த உற்சாகம் நீடிக்கவில்லை. மேசைமேல் இருந்த போனைப் பார்த்தபடியே இருந்தார். அவருடைய அம்மா எல்லைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனியாக இருக்கிறார் என்று சுகந்தி காதோடு சொன்னாள். காலையிலிருந்து லைன் கிடைக்கவில்லையாம்.

வரவேற்பறையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, தேய்த்த சட்டை. என் பேச்சைக் கேட்டதும் எழுந்துகொண்டான்.

"ஏனுங்க்கா, கோயமுத்தூருங்களா? நானு காங்கேயமுங்க. முருகேசன். சிட்கோவுல ஆறு வருஷம் பம்ப் பிட்டரா இருந்தனுங்க."

அவனும் இன்னும் ஏழு பேரும் இந்தப் புதுப் பட்டறையை நம்பிப் பழைய கம்பெனியை விட்டவர்கள். அங்கே விசாவைக் கேன்சல் அடித்தாகிவிட்டது. இங்கே புது விசா அடிக்கும்வரை கொஞ்ச காலம்தான் நாட்டில் தங்க முடியும். அதற்குள் ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"ரூம்ல எல்லாரும் போனையே பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. சரி, நேர்லயே கேட்டுப் போடலாம்னு நான் வந்தனுங்க. கையெழுத்து இன்னிக்கு ஆயிருமுங்களா மேடம்?" என்று சுகந்தியைக் கேட்டான்.

"இன்னும் தெரியாது முருகேசன். தெரிஞ்ச உடன உமக்குத்தான் முதல்ல சொல்லுவன்," என்றாள். ஆறுதல் வார்த்தை எதையும் அதோடு சேர்க்கவில்லை. அவனும் தலையாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

நண்பகலுக்கு முன் சியோலிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரையில் மூன்று பேர். இருவர் ஆண்கள். நடுவில் எழுபதை நெருங்கும் ஓர் அம்மையார். பணத்தில் பெரும்பங்கு அவருடையதாம். ஹான் கொரிய மொழியில் பேசுவதும் சுகந்திக்கு ஆங்கிலத்தில் சொல்வதுமாக இருந்தார். நான் மூலையில் ஒரு நாற்காலியில் ஒடுங்கியிருந்தேன்.

"நிலைமை தெளியும்வரை பொறுப்போம் என்கிறார்கள்," என்றார் ஹான். "அவர்களுடைய நாணயம் இறங்குகிறது. கையில் இருப்பதைக் கையிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்."

"எவ்வளவு காலம் எண்டு கேளுங்கோ," என்று ஆங்கிலத்தில் சொல்வதற்குப் பதில் தமிழில் சொல்லிவிட்டாள் சுகந்தி. பிறகு தன்னையே நொந்துகொண்டு மாற்றிக் கேட்டாள். தெரியாது என்று பதில் வந்தது.

அப்போது அந்த அம்மையார் பேசினார். மெல்லிய குரல். ஹான் மொழிபெயர்க்கத் தயங்கினார். "என்னவென்றாலும் சொல்லுங்கள்," என்றாள் சுகந்தி.

"நீங்களும் எங்களைப் போல ஒரு தீபகற்பத்தில்தானே இருக்கிறீர்கள் என்கிறார். உங்கள் பக்கத்துக் கடலிலும் போர்க்கப்பல் நிற்பதாகத் தொலைக்காட்சியில் பார்க்கிறாராம். ஒரு பயத்திலிருந்து எடுத்து இன்னொரு பயத்தில் ஏன் போட வேண்டும் என்று கேட்கிறார்."

கேள்வி நியாயமானது.

சுகந்தி நிதானமாகச் சொன்னாள். அவள் ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்: "இங்கே ஒன்றும் நடக்காது என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் அது பொய். நான் போர் நடந்த ஊரில் வளர்ந்தவள். அங்கே பள்ளிக்கூடம் நின்றது, ரயில் நின்றது, கரண்ட் நின்றது. தண்ணீர் இறைப்பது மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் மோட்டார், கிடைக்காவிட்டால் கயிறும் வாளியும். இந்த ஊரில் கிணறு கிடையாது, கடல்தான். அந்தப் பம்ப்புகள் எது நடந்தாலும் ஓடியே தீர வேண்டும்."

ஹான் மொழிபெயர்த்து முடித்ததும் அவள் நிறுத்தவில்லை. அழைப்பு ஓடிக்கொண்டிருந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து பக்கத்துக் கிடங்குக்கு நடந்தாள். காலியாகக் கிடந்த கிடங்கு. அதைத் திரையில் காட்டியபடி, புதுக் கட்டடமே இப்போது வேண்டாம் என்றாள். இந்தத் தொழிற்பேட்டையில் எவ்வளவு இடத்தை வாடகைக்கு எடுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் ஆட்களுக்கு விசா கிடைக்குமாம். "இந்தக் கிடங்கில் பாதியை மட்டும் ஒரு வருடத்துக்கு எடுத்துக் கொடுங்கள். எல்லா ஆட்களுக்கும் போதாது, சிலருக்காவது போதும். கட்டடத்தை உங்கள் ஊர் அமைதியான பிறகு பேசுவோம்."

நாளைக்குச் சொல்கிறோம் என்று திரை அணைந்தது.

மறுநாள் ஹானும் சுகந்தியும் நானும் புஜைராவுக்குப் போனோம். கிழக்குக் கரை, ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். பழுது பார்த்த பம்ப் ஒன்று முன்னால் லாரியில் போயிருந்தது. அதை ஆலையில் பொருத்தி ஓட்டிக் காட்ட வேண்டும். கார் ஓட்டியது சுகந்தி. மணல் மெல்லச் சிவந்து, பிறகு திடீரென்று மலைகள் வந்தன. ஒரு புல் இல்லை, ஒரு மரம் இல்லை. சுட்ட செங்கல் நிறத்தில் அடுக்கடுக்காக ஹஜர் மலை. அதைக் குடைந்து சுரங்கப் பாதை போட்டிருக்கிறார்கள். கடைசிச் சுரங்கத்தைத் தாண்டியதும் கடல் தெரிந்தது.

அனுமதிச் சீட்டு இல்லாததால் ஆலைக்குள் என்னை விடவில்லை. கடற்கரையில் ஒரு சாயாக்கடையில் காத்திருந்தேன். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிட்டு வரிசையாக நின்றன. ஹோர்முஸ் நீரிணைக்குள் போகச் சில, போய் வந்தவை சில என்று கடைக்காரர் சொன்னார். கண்ணூர்க்காரர்.

"பயமில்லையா?" என்றேன்.

"கப்பல் நின்னா எனக்குக் கச்சவடம் சேச்சி. கப்பல்காரங்களும் சாயா குடிக்கணுமில்லே?" என்று சிரித்தார்.

மத்தியானம் இருவரும் வந்தார்கள், சட்டையெல்லாம் கிரீஸ். பம்ப் முதல் தடவையிலேயே அதிர்வில்லாமல் ஓடியதாம். ஹான் ஒரே மூச்சில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்ததும் அவருடைய போன் அடித்தது. அம்மா!

திரையில் சின்ன முகம், தலையில் பூப்போட்ட தொப்பி. பின்னால் முட்டைக்கோஸ் வயல். ஹான் படபடவென்று கேட்டுக்கொண்டே போனார். அந்த அம்மாள் அதைவிட வேகமாகத் திட்டினார். எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. ஆனால் அம்மா திட்டுவது எந்த மொழியிலும் தெரிந்துவிடுகிறது. போனை வைத்தபோது ஹான் சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

"எங்கள் பக்கம் வா அம்மா, துபாய்க்கு வந்துவிடு என்றேன். அறுவடையை யார் பார்ப்பது என்கிறார். வளைகுடாவில் போர்க்கப்பல் நிற்கிறதாம், செய்தியில் சொன்னார்களாம். நீ முதலில் கிளம்பி வீட்டுக்கு வா, அங்கே இருப்பது ஆபத்து என்கிறார்!"

சுகந்தி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன்.

திரும்பும் வழியில், மலைக்கு நடுவே, சியோலிலிருந்து செய்தி வந்தது. சுகந்தி வண்டியை ஓரமாக நிறுத்த, ஹான் படித்துச் சொன்னார். ஆண்கள் இருவரும் விலகிவிட்டார்கள். அந்த அம்மையார் மட்டும் இருக்கிறார். பாதிக் கிடங்குக்கு ஒரு வருடம். அதில் ஐந்து விசாதான் வரும்.

காரில் யாரும் கொண்டாடவில்லை. எட்டுப் பேரில் ஐந்து. அந்தச் சின்ன இடத்தில் என்ன வேலை செய்ய முடியும் என்று இருவரும் வழியெல்லாம் பேசினார்கள். வெல்டர்கள் வேண்டும், லேத் ஓட்டுகிறவர்கள் வேண்டும். பம்ப்பை முழுதாகப் பூட்டும் பிட்டர் வேலைக்கு அங்கே இடமே இல்லை. பேச்சு போகும் திசை எனக்குப் புரிந்துவிட்டது, முருகேசன் பிட்டர்.

ஜெபல் அலி வந்ததும் சுகந்தி போனில் சொல்லாமல் அவனுடைய அறைக்கே போனாள். நான் காரில் இருந்தேன். கட்டட வாசலில் நின்று அவர்கள் பேசியது தெரிந்தது. அவன் ஒருமுறை முகத்தைத் துடைத்தான். அவள் நகராமல் அவன் பேசி முடிக்கும்வரை நின்றாள். விசா கிடைக்காத மற்ற இருவருக்கு வேறு பட்டறையில் ஹான் சொல்லி இடம் பிடித்துவிட்டார். பிட்டருக்கு எங்கும் அமையவில்லை. அடுத்த நாட்களில் அவள் விசாரிக்காத இடமில்லை.

என்னுடைய ஒரு வாரம் முடிந்து ஷார்ஜா விமான நிலையத்துக்கு வந்தபோது, கோவை விமானத்தின் வரிசையில் எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் முருகேசன் நின்றிருந்தான். திரும்பி என்னைப் பார்த்தான். அவனே பேசினான்.

"சண்டை போடறது ஏதோ ஊருல. பொட்டி கட்டறது நானு. பாத்தீங்களாக்கா வேடிக்கைய?"

விமானத்தில் பக்கத்து இருக்கையை மாற்றி வாங்கிக்கொண்டோம். கீழே பழுப்பு மலைகள் போய்க் கடல் வந்தது. எங்கள் கணபதியில் ஒரு வதந்தி வந்தாலே கடைக் கதவைப் பாதி சாத்திவிடுவோம். இவர்கள் அத்தனை பயத்துக்கு நடுவில் பாதிக் கதவையாவது திறந்து வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை இவனிடம் எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வேலை கேட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"கேளுங்க்கா. சும்மா உக்கார முடியாதுங்களே. ஆனா கொஞ்ச நாளைக்குன்னு சொல்லிக் கேளுங்க."

"ஏன் அப்பிடி?"

"மறுபாதிக் கெடங்கு எடுத்தா மொதல் விசா எனக்குன்னு அந்த மேடம் சொல்லியிருக்கறாங்க."

"நம்பறியா?"

அவன் சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஒரு சின்னச் சாவியை எடுத்துக் காட்டினான்.

"டூல்ஸ் பொட்டிய அங்கயே வெச்சுட்டு வந்துட்டனுங்க."