ஒரு புல்கூட இல்லாத தோட்டம்

கல்லூரி விடுதிக்குப் பின்னால் ஒரு சரிவு. உடைந்த கதிரைகளும் பழைய ஓடுகளும் கிடந்த, யாருக்கும் வேண்டாத இடம். அதில் இரசாயனம் போடாமல் ஒரு சேதனத் தோட்டம் போடலாம் என்று கேட்டு நான் கல்லூரி அதிபரின் கந்தோருக்கு நடந்த நடையில் கண்டியிலிருந்து கம்பளைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். கடைசியில் மனுஷன் இறங்கி வந்தார். தவணை முடிவில் நிர்வாகக் குழு வந்து பார்க்கும். நன்றாக இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் வாகனம் நிறுத்தும் இடம்.

தோட்டம் போனால் தாவரவியல் படிப்பிக்கிற எனக்கு ஒரு கவலை, அவ்வளவுதான். என்னோடும் மாணவிகளோடும் அதில் வேலை செய்த அக்காவுக்கு அப்படியில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் இருபது வருஷம் கொழுந்து எடுத்துவிட்டு, கல்லூரியில் கூட்டித் துடைக்கத் தற்காலிகமாக வந்தவர் அவர். தோட்டம் நிலைத்தால் அதற்கென்று அவரை நிரந்தரமாக எடுப்பதாகப் பேச்சு. இல்லாவிட்டால் தவணையோடு வேலையும் போய்விடும். அவருடைய மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருஷம் வேறு. வயதில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான். ஆனாலும் நான் அக்கா என்பேன், அவர் மிஸ் என்பார்.

கிளிசரிடியா இலை வெட்டி, வைக்கோல் கலந்து, பாத்திகளை ஒரு சாண் உயரத்துக்கு மூடினோம். இடையில் முளைத்த புல்லையும் நான் பிடுங்க விடவில்லை. சரிவில் மழைக்கு மண் ஓடாமல் பிடிப்பது அதுதான். இதை மாணவிகளுக்குப் படம் போட்டு இரண்டு வகுப்பு எடுத்தேன். அக்கா அந்த நேரம் வெளியே வாளியில் சாணம் கரைத்துக்கொண்டிருந்தார்.

போஞ்சி பூத்தது. கறிமிளகாய் பிஞ்சு விட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் குழு வருகிறது என்று செய்தியும் வந்தது.

திங்கள் காலை ஏழரைக்குப் போய்ப் பார்க்கிறேன், யா அல்லாஹ்! பாத்திகள் மொட்டை. ஓர் இலை இல்லை, ஒரு புல் இல்லை. இரவு கொட்டிய மழையில் செம்மண் கரைந்து வடிகானுக்குள் ஓடியிருந்தது. போஞ்சிக் கொடிகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. நடுவில் அக்கா நின்றார். கையில் சுரண்டி, எஸ்டேட்டில் புல் செதுக்குகிற இரும்பு.

"மழ பேஞ்சிருச்சி மிஸ்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் எப்போதும். "உங்களுக்கு என்ன பைத்தியமா? ஆரு செல்லி இதச் செஞ்சீங்க? மூணு மாசம் பட்ட பாட்ட ஒரே நாள்ல நாசமாக்கிட்டீங்களே!" என்று கத்தினேன். மாணவிகளும் அதற்குள் வந்து கூடிவிட்டார்கள்.

"பெரியவங்க பாக்க வர்றாங்கன்னு சொன்னீங்களே மிஸ். நேத்து லீவுதானேன்னு ரெண்டு பஸ் மாறி வந்து ஒண்டியா சுத்தம் பண்ணுனேன். எங்க மலையில தொர வர்ற அன்னைக்கு ஒரு புல்லு கண்ணுல பட்டாலும் அரைப்பேருதாங்க. நாள் முழுக்க வேல செஞ்சிருந்தாலும் பாதிச் சம்பளந்தான்."

மாணவிகளுக்கு இரண்டு வகுப்பு எடுத்தவள், இவருக்கு இரண்டு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

"அந்த எலையெல்லாம் எங்க?"

"எறியலீங்க. சோறாக்குற குசினிக்குப் பின்னால குவிச்சி சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன்."

நல்லகாலம்! எல்லோரும் ஓடினோம். கொடிகளை நிமிர்த்தி, மண் அணைத்து, இலையை அள்ளிப் பரப்பினோம். பாதி முடிவதற்குள் குழு வந்துவிட்டது.

அதிபர் வெறும் பாத்திகளைப் பார்த்து, யார் செய்த வேலை இது என்று சிங்களத்தில் கேட்டார். அக்காவுக்குச் சிங்களம் விளங்கும். இலையை அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது.

"பிழை என்னுடையது சேர்" என்றேன். "இலை ஏன் போடுகிறோம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். வேலை செய்கிறவருக்குச் சொல்லவில்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று அவர் லீவு நாளில் வந்து சுத்தம் செய்திருக்கிறார்."

பிறகு சரிவின் உச்சியில் இருந்த ஒரு பாத்தியைக் காட்டினேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அக்கா தொடாமல் விட்ட அது இலை பரப்பும்போதுதான் என் கண்ணில் பட்டது. அதே மழை அதிலும் பெய்திருந்தது, ஒரு பிடி மண் அசையவில்லை. அதிபர் குனிந்து இலையை விலக்கி, ஈர மண்ணை விரலால் கிள்ளிப் பார்த்தார். குழுவோடு கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்.

"அடுத்த தவணையும் பார்ப்போம். தோட்டமும் இருக்கட்டும், அவரும் இருக்கட்டும்" என்றார். நிரந்தரம் பற்றிப் பேச்சில்லை. அதுவே பெரிய காரியம் என்று மூச்சுவிட்டேன்.

நான்கு மணிக்கு, வேலைக்கு வந்தவர் பேர் பதிகிற வரவுப் புத்தகத்தை எடுத்தேன். அக்கா சுரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் தயங்கி நின்றார்.

"மிஸ், இன்னைக்கு எனக்குப் பேரு போடுவீங்களா? அரைப்பேருன்னாலும் பரவாயில்லீங்க."

கேலியில்லை, உண்மையாகவே கேட்டார். பேனையை எடுத்தேன்.

"முழுப்பேர் அக்கா. நேத்தைக்கும் முழுப்பேர். அரைப்பேர் எனக்குத்தான் போடணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நாளைக்கு அந்தப் பாடத்த எனக்கும் எடுத்துருங்க மிஸ்" என்றார்.