ஜெர்சி அளவுக்கு ஓர் ஆட்டக்காரி

போன வாரம் செவ்வாய்க்கிழமை. பயிற்சி முடிந்து காரில் ஏறிய என் மகள் யாழினி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினாறு வயது, நான்காம் படிவம் படிக்கிறாள். பள்ளியின் பெண்கள் கால்பந்து அணியில் இரண்டு வருடமாக முன்வரிசை ஆட்டக்காரி.

“என்னடி ஆச்சு?”

“என்னை கோல்கீப்பரா போட்டுட்டாங்கம்மா.”

இந்த வாரம் சனிக்கிழமை பத்து காவான் அரங்கில் ஆட்டம். மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர் வருகிறார். முன்வரிசைக்குத்தான் ஆள் தேடுகிறாராம். இந்த நேரத்தில் கோல்கீப்பரா? விடுவேனா நான்?

மறுநாளே திடலில் போய் நின்றேன். பயிற்சியாளர் தங்கமான மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல்... சண்டைகூட ஒழுங்காகப் போட முடியவில்லை.

“ஸ்பான்சர் குடுத்த ஜெர்சி செட்டு அக்கா. அதுல முன்னால ஆடுற ஒன்பதாம் நம்பர் எம் சைஸ்தான் இருக்கு. யாழினி இந்த வருஷம் கொஞ்சம் வளந்துட்டா. எக்ஸ்எல் ஒண்ணே ஒண்ணுதான், அது கோல்கீப்பர் ஜெர்சி. நான் என்னா செய்ய லா?”

கேட்டீர்களா கதையை! கோல் அடிக்கிற கால் அப்படியேதான் இருக்கிறது. வேகமும் குறையவில்லை. சட்டை பத்தவில்லை, அதனால் ஆட்டக்காரியின் இடம் மாற வேண்டும்! நாசி கண்டார் சோற்றுக் கடையில் பெரிய ஏப்ரன் யாருக்குப் பொருந்துகிறதோ அவர்தான் சமைக்க வேண்டும் என்று முதலாளி சொன்னால், அந்தக் கடையில் நாம் சாப்பிடுவோமா?

பையன்கள் அணியிலும் இதே உடல்வாகோடு ஒருவன் இருக்கிறான். அவன் ஓடி வந்தால் “பவர் லா!” என்று கைதட்டுகிறார்கள். அவன் அளவுக்கு மட்டும் எங்கிருந்தோ ஜெர்சி வந்துவிடுகிறது.

சரி, இவ்வளவு கோபப்பட்ட நான் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா?

யாழினியின் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். காலையில் குடிக்கும் மைலோவும் கட். “கொஞ்ச நாள்தான்மா... எம் சைஸுக்குள்ள போயிடலாம்” என்று தைரியம் வேறு சொன்னேன். அவளும் சரி என்று தலையாட்டினாள். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை பயிற்சி நடுவில் பயிற்சியாளரிடமிருந்து போன். போய்ப் பார்த்தால், கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தலைசுற்றலாம். முகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா... சட்டையை மாத்துங்கன்னு யாருமே சொல்லலையே. நீங்களும் என்னைத்தானே மாத்துறீங்க?”

பயிற்சியாளர் அவளை இடம்தான் மாற்றினார். பெற்ற தாய் நான், சோற்றிலேயே கை வைத்திருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அங்கேயே, அப்போதே அவரிடம் போனேன்.

“சார், அதே நிறத்துல எக்ஸ்எல், முதுகுல ஒன்பது... நான் அச்சடிச்சுக்கிட்டு வந்தா இவளை முன்னால ஆட விடுவீங்களா?”

தலையைச் சொறிந்தார். “நிறம் ஒண்ணா இருந்தா போதும்க்கா. தாராளமா ஆடட்டும். அட, இது எனக்குத் தோணவே இல்லையே!”

தோணவில்லையாம்! ஒரு பெண்ணின் இரண்டு வருட உழைப்பைத் தூக்கி ஓரமாக வைக்கத் தோணியிருக்கிறது, இன்னொரு சட்டை வாங்கத் தோணவில்லை. இதில் நான் அவரை எந்த வாயால் திட்டுவது? எனக்கும்தானே தோணவில்லை.

ஜுருவில் ஜெர்சி அச்சடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. நேராக அங்கே வண்டியை விட்டேன். வழியில் நிறுத்தி, ரொட்டி சானாய் சாப்பிட வைத்தேன். எத்தனை என்று எண்ணவில்லை.

கடைக்காரத் தம்பி நிறத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டார். அளவைச் சொன்னதும், தலையைக்கூடத் தூக்காமல் கேட்டார்.

“எக்ஸ்எல்லா? கோல்கீப்பருக்கா அக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள்.

“இல்லண்ணே. கோல் அடிக்கிறவளுக்கு.”