லரிகோவுக்கு ஒரு வக்காலத்து

நாங்கள் தமிழ்ப் பூசைக்குப் போகும் தென் லண்டன் தேவாலயத்தில் உள்ள குழல் ஓர்கன் பிரான்ஸில் செய்யப்பட்டது. அது எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று பங்கில் ஒருவருக்கும் தெரியாது. எங்களைப் பற்றியும் அவர்களுக்கு அதே சந்தேகம் இருப்பதால், அதை வாசிக்கும் எனக்கும் அதற்கும் ஆரம்பத்திலேயே ஒத்துப்போய்விட்டது.

அதன் வலப்பக்கத்தில் 'லரிகோ' என்று எழுதிய மரக்குமிழ் ஒன்று உண்டு. அதை வெளியே இழுத்தால், முழ நீளத்தில் தொடங்கிச் சுண்டுவிரலைவிடச் சிறிதாக முடியும் குழல்வரிசை ஒன்று ஒலிக்கும். நான் ஸட்ஜத்தை அழுத்தினால் அது இரண்டு ஸ்தாயி மேலே ஏறி நின்று பஞ்சமம் பாடும். தனியாகக் கேட்டால் விசர் பிடிக்கும். கனத்த குழல்களோடு சேர்ந்தாலோ, அடுப்பிலிருந்து இறக்கிய தேங்காய்ப்பால் சொதியில் பிழிந்து விட்ட தேசிப்புளி மாதிரி.

பிரச்சினை, தமிழ்ப் பூசையை ஒழுங்குசெய்யும் எங்கள் சங்கத்தின் தலைவருடைய காதுகளில் தொடங்கியது. இரண்டிலும் காது கேட்கும் மெசின் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பவர் அவர். லரிகோ பாடினால் மெசின்களும் கீச்சிட்டுக் கூடப் பாடுகின்றனவாம். முதலில் தன்மையாகச் சொன்னார். பிறகு கூட்டத்தில் தீர்மானம் வந்தது: இனி அதை இழுத்தால் தமிழ்ப் பூசைக்கு ஓர்கன் கிடையாது, பொத்தானை அமுக்கினால் தபேலா அடிக்கும் கீபோர்ட்தான். அப்படியென்றால் நானும் இல்லை என்றேன். யாராவது மறுப்பார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். தேநீர் வந்தது.

பகலில் எனக்குக் கவுன்சிலில் வேலை. பார்க்கிங் தண்டம் அநியாயம் என்று மக்கள் எழுதும் முறைப்பாடுகளை வாசித்து, மரியாதையாக நிராகரிப்பேன். ஆகவே பிடிவாதத்தில் எனக்கு முறையான பயிற்சி உண்டு.

அந்த நாட்களில்தான் நான் கூட்டி வைக்கும் தொலைக்காட்சியின் சத்தம் தாங்காத மனைவி என்னைக் கோலியர்ஸ் வுட்டுக்குக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பினார். சோதித்த பெண் தமிழ்நாட்டுப் பிள்ளை. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். சிறிது நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. அவருக்கு இடைவேளை போலும் என்று நினைத்தேன்.

"சார், இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. கேக்கலையா?"

வயசுதான் என்று ஆறுதலும் சொன்னார். என் காது எந்தச் சுருதிவரை எட்டும் என்று அவர் காட்டிய வரைபடத்தைப் பார்த்து, பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். லரிகோவின் மேல்பாதி எனக்கே கேட்பதில்லை. எத்தனை வருடமாகவோ, கேட்காத குழல்களுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். ஞாயிறு பூசைக்கு முன்பே நாங்கள் இருக்கும் நோர்பரி முழுக்கத் தெரிந்திருந்தது. பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸ் சாப்பிடும்போது தலைவர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, உமக்கே கேக்காத சாமானை என்னத்துக்கு இழுக்கிறீர்?"

"கடவுளின்ர குரல் உங்களுக்குக் கேக்குதோ, அண்ணை? கேக்கேல்லை எண்டு பூசையை நிப்பாட்டினனாங்களோ?"

அவர் ரோல்ஸை மென்று முடித்தார். "அது வேற," என்றார். "பாஸ்குவுக்கு இழுத்துப் பாரும். நான் கையைத் தூக்கினால் கீபோர்ட் தொடங்கும்."

நல்லது என்றேன். எனக்குக் கேட்காதது என் காதின் குறை. அதற்குக் குழல்கள் ஏன் வாயை மூட வேண்டும்? கண் மங்கியவன் தெருவிளக்கை அணைத்துவிட்டா வீட்டுக்குப் போகிறான்?

பாஸ்குத் திருநாளான உயிர்ப்பு ஞாயிறன்று கீபோர்ட் பீடத்தின் அருகே தயாராக நின்றது. வாசிக்க வந்த இளைஞன் விரல்களை அதன்மேல் வைத்துக்கொண்டு தலைவரையே பார்த்தான். நானும் ஓர்கனுக்கு மேலே பொருத்திய கண்ணாடியில் அவரைத்தான் பார்த்தேன். வானவர் கீதம் தொடங்கியதும் குமிழைப் பிடித்து முழுவதுமாக இழுத்தேன்.

முன்வரிசையில் ஒரு சிறுமி சட்டென்று தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள். தலைவரின் முகம் சுருங்கியது. கை எழுந்தது. தோளைத் தாண்டியது. இளைஞன் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனான். கை காதில் போய் நின்றது. ஒரு மெசினைக் கழற்றினார், பிறகு மற்றதையும். இரண்டையும் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு, நேரே பீடத்தைப் பார்த்தபடி, பாடகர் குழுவுக்கு ஒரு வரி பின்னால், அவர்கள் எல்லோரையும்விட உரக்கப் பாடத் தொடங்கினார்.

பாட்டு முடியும்வரை நானும் குமிழை உள்ளே தள்ளவில்லை.