அண்ணியின் இலவச நேரலை

அரிசி டின், அதன்மேல் கவிழ்த்த பித்தளைச் சொம்பு, அதில் சாய்த்து வைத்த கைப்பேசி. எண்ணூர் வீட்டுச் சமையலறையில் என் அண்ணி நேரலையைத் தொடங்கியபோது இருந்த ஏற்பாடு அவ்வளவுதான். அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலை அப்போது மூடப்பட்டிருந்தது. எனக்கு ராயபுரத்தில் அலுவலக வேலை, ஞாயிறு விடுமுறை. அதனால் பார்க்கிறவர்கள் எழுதிக் கேட்கும் கேள்விகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மீன் ஆய்வது, நண்டு உடைப்பது, இறால் தொக்கு செய்வது என்று ஞாயிறுதோறும் ஒன்றை அண்ணி செய்து காட்டுவார். கட்டணம் வைக்கலாமே என்று அண்ணன் ஒருமுறை கேட்டார். "பாக்கறதுக்குத் துட்டு கேட்டா எவன் வருவான்? சும்மா பாத்துட்டுப் போவட்டும். ஆயறது எவ்ளோ வேலைன்னு பாத்தவன், ஆய்ஞ்ச மீனா நம்மகிட்டயே வாங்குவான்" என்றார் அண்ணி. அப்படித்தான் நடந்தது. நேரலை முடிந்ததும் ஆர்டர்கள் வரும். அண்ணன் ஐஸ் போட்ட பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்புவார். மசாலாக் கம்பெனி ஒன்று தன் பாக்கெட்டை அடுப்பருகே வைப்பதற்குப் பணம் தந்தது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் இதிலிருந்தே நடந்தன. இறால் மட்டும் காத்திவாக்கத்திலிருந்து வரும். அண்ணியின் தம்பி அங்கே கழிமுகத்தில் இறால் பிடிப்பவர்.

ஒரு மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரில் எண்ணெய் கலந்தது. எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அந்த ஞாயிறு காலை, தம்பி கிடைத்த இறாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். அண்ணி ஒன்றை எடுத்து முகர்ந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு, நேரலையில் சங்கரா மீனை ஆய ஆரம்பித்தார். பாதியில் ஒரு கேள்வி வந்தது. நான் படித்தேன்: "அக்கா, எண்ணூர் இறால் இப்போது வாங்கலாமா?"

அண்ணியின் கத்தி நின்றது. தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இப்போ வேணாங்க. என் தம்பிதான் புடிச்சிகினு வரான். நானே என் புள்ளைங்களுக்கு ஆக்கல. ஆறு சரியானா சொல்றேன்" என்றார்.

கைப்பேசியை அணைத்ததும் தம்பி உள்ளே வந்தார். "இன்னாக்கா, நீயே எங்க வயித்துல அடிச்சிட்ட. ஆத்த நானா கெடுத்தேன்?"

"நீ கெடுக்கலடா. துன்றவனும் கெடுக்கல."

அவர் இறாலை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் இறாலை மட்டுமல்ல, கடல் மீனையும் வாங்க ஆளில்லை. எண்ணூர் என்ற பெயரே போதுமாயிருந்தது. மசாலாக் கம்பெனி கொஞ்ச நாள் போகட்டும் என்றது. காத்திவாக்கத்தில் சொந்தக்காரர்களே அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். அண்ணி ஞாயிறு நேரலையை மட்டும் நிறுத்தவில்லை. ஒருவாரம் கைப்பேசியோடு கரைக்கே போய், எண்ணெய் படிந்த வலைகளைக் காட்டினார். "நீ சொல்லு, உன் வலதானே" என்று அங்கே நின்ற தம்பியிடம் கைப்பேசியை நீட்டினார். அவர் கறுத்த வலையைத் தூக்கிக் காட்டி, வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்பது வரை பேசினார். அன்று விற்க எங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் வழக்கத்தைவிட அதிகம் பேர் கடைசி வரை இருந்தார்கள்.

மாதங்கள் கழித்து, ஆறு தெளிந்து நல்ல இறால் வந்த பிறகு, அண்ணி அதைச் சமைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து நேரலையிலேயே சாப்பிட்டார். அதன் பிறகுதான் ஆர்டர் எடுத்தார். பழையவர்களில் பலர் திரும்பவில்லை, புதியவர்கள் வந்தார்கள். அண்ணன் காவல் வேலையை இன்னும் விடவில்லை.

எனக்குத் திருமணமாகி நான் திருவொற்றியூருக்கு வந்துவிட்டேன். ஞாயிறுகளில் இங்கிருந்தபடியே பார்க்கிறேன். கேள்விகளை இப்போது படிப்பது அண்ணியின் தம்பி. போன வாரம் யாரோ இறால் கேட்டிருந்தார்கள். அவர் அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னிக்குத் தண்ணி கலீஜா கீதுங்க. நான் வலையே போடல. சங்கரா வாங்கிக்கினு போங்க" என்றார்.