அன்இன்டென்ஷனலி

வகுப்புத் தோழன் முருகையா மேலிருந்த பொறாமையில், எங்கள் பள்ளியின் ஒரே ஆங்கில அகராதியில் வேண்டுமென்றே மையைக் கொட்டியவன் நான். போன மாதம் பேரனின் பேனா கசிந்தபோது, அந்த மை வாசனை என்னைக் கோவில்பட்டியில் பருத்திக்காட்டை ஒட்டி நின்று, இன்று தடமின்றிப் போன அந்த ஓட்டு வகுப்பறைக்கே கொண்டுபோனது.

சனிக்கிழமைதோறும், ஆங்கிலத்தில் முந்துகிறவன் அகராதியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். வாராவாரம் முருகையாதான் அதைத் துண்டில் சுற்றித் தலையில் வைத்து, கரிசல் சேறு முழங்கால் வரை அப்ப, பசுவந்தனைச் சாலையில் நடப்பான்.

கையில் மையோடு நின்ற என்னிடம் ஆங்கில சார் ஆங்கிலத்திலேயே மன்னிப்புக் கடிதம் கேட்டார். தெரியாமல் நடந்தது என்பதற்கு 'அன்இன்டென்ஷனலி' என்று எழுதினேன். பூரித்துப்போய் அதைக் கரும்பலகையில் பிரித்தார்: முன்னால் 'இல்லை' என்னும் ஒட்டு, பின்னால் இரண்டு ஒட்டுகள், நடுவே எண்ணம், அதன் லத்தீன் வேருக்கு ஒன்றை நோக்கி நீட்டுதல் என்று பொருள். என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இனி யார் வீட்டுக்கும் போகாது என்று அகராதியை அலமாரியில் பூட்டினார். வீட்டில் வேறு புத்தகமில்லாத முருகையா, இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் தோற்று ஏர் பிடித்தான்.

பேரனின் பேனா கசிந்த மறுநாள், புதிய அகராதி வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"தெரிஞ்சுதான் கொட்டினேன், முருகையா."

"ஏலே, ஒன் கை மைக்கூட்டுக்கு நீண்டத நான் பாத்தேன். சாரு ஒன்ன மெச்சிக்கிட்டு இருந்தாவ. நான் சொன்னா யாரு நம்புவா?"

அகராதியைத் தன் துண்டில் சுற்றி என்னிடமே நீட்டினான்.

"ஒம் பேரன்ட்ட குடு. அந்த வார்த்தைக்கு அர்த்தத்த நீயே சொல்லு."

பேரனிடம் அகராதியைக் கொடுத்துவிட்டேன். அர்த்தத்தை இன்னும் சொல்லவில்லை.