ஒருவர் பார்க்கிறார்

மஹ்பூபி அக்காவிடம் ஒரு ஷூ பாஸ் ஆவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆம்பூர் பக்கத்துக் கம்பெனியில் அவள் செக்கர், நான் தையல் மிஷினில். நான் தைத்த மேல்தோல்களில் குறை இருக்கும் இடம் பார்த்து அவள் ஒட்டிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சுவர் முழுக்க ஒட்டியிருக்கலாம். "இன்னாடி ஜோதி, தையல் போட்டியா, கோலம் போட்டியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போதாக்குறைக்கு வாணியம்பாடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பகலில் கம்பெனியில் வாங்கிய திட்டின் மிச்சத்தை சாயங்காலம் வீட்டில் வாங்கிக்கொள்வேன். ஆனால் எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று செருப்புகூடப் போடாமல் ஓடி ஆட்டோ பிடித்து வந்தவளும் அவள்தான், அதனால் பொறுத்துப்போவேன். பொறுத்துப்போவேன் என்பதும் பொய். பதிலுக்கு நானும் கொடுப்பேன்.

குறை கண்டுபிடிப்பதில் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. முடிந்த ஷூவைக் கையில் எடுப்பாள். கோணல் தெரிந்தால் அங்கிருந்து பின்னால் போவாள். ஒட்டினவன் தப்பா, தைத்தவள் தப்பா, வெட்டினவன் தப்பா, இல்லை தோலிலேயே கோளாறா? கடைசியில் தப்பு செய்த ஆளின் எதிரில் வந்து நிற்பாள். பெரும்பாலும் அது நானாக இருப்பேன்.

அவள் புருஷன் அப்துல் ஹமீது அண்ணன் மூன்று மாதத்துக்கு முன்னால் தவறிப்போனார். அவர்கள் வழக்கத்தில் புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் மனைவி வாசல் தாண்டுவதில்லை, இத்தத் என்பார்கள். மகள் உமைமாவின் நிக்காஹ் தேதியோ அண்ணன் இருக்கும்போதே குறித்தது. மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை, லீவு முடியப்போகிறது. தள்ளிப் போடலாமா என்று பெரியவர்கள் இழுத்தார்கள். "அவர் வெச்ச தேதி. நடக்கட்டும். நான் வீட்டுல இருந்தே பாத்துக்குறேன்" என்று அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

பார்ப்பதற்கு டிவிதான். மகன் சமீருல்லா ஏற்பாடு செய்தான். அந்த டிவியில் வைஃபை செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது, அதனால் கூடத்தில் இருக்கும் ரூட்டரிலிருந்து நீள ஒயர் ஒன்றைப் படுக்கையறை டிவி வரை இழுத்தான். ஆம்பூர் மண்டபத்தில் அவன் எடுக்கும் வீடியோ நேராக இங்கே வரும். முந்தின நாள் சோதித்துப் பார்த்தபோது கண்ணாடி மாதிரி வந்தது. வீட்டிலேயே நல்ல கேமரா அக்காவின் போனில்தான், அதையும் அவனே எடுத்துக்கொண்டான். என்னிடம் இருப்பது பட்டன் போன். கம்பெனிக்குள் கேமரா போனை விடமாட்டார்கள், நானும் அதோடு நின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வேனில் கிளம்பினார்கள். அக்காவுக்குத் துணைக்கு நான். கல்யாண பிரியாணி கைவிட்டுப் போன வருத்தம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, தரையில் கிடந்த ஒயரைக் கதவுச் சட்டம் ஓரமாக ஆணி அடித்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். யாரோ தடுக்கி விழப் பார்த்தார்களாம். அண்ணன் வேலை செய்த சுத்தியல், ஷூவுக்கு அடிக்கும் பொடி ஆணி.

"குடுக்கா, நான் அடிக்கிறேன்."

"உன் கை நேரா போவாதுடி, வுடு."

உமைமா மணப்பெண் உடையில் அவள் பின்னால் வந்து நின்றாள். "அம்மி, போய்ட்டு வர்றேன்" என்றாள். அக்கா திரும்பவில்லை. "போ, போ, நேரமாச்சு" என்றபடி சட்டத்தின் மூலையில் ஓர் ஆணியை ஓங்கி அடித்தாள். பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சுத்தியலைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன். பெற்ற மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது முகத்தைக் காட்டாமல் இருப்பாளா ஒருத்தி?

பதினொரு மணிக்கு ரிமோட்டை அழுத்தினால் டிவியில் படம் இல்லை. ஒயர் சொருகப்படவில்லை என்று இங்கிலீஷில் ஓர் எழுத்து.

"ஐயோ அக்கா!"

"ஒப்பாரி வெக்காத. கடைசில இருந்து பின்னாடி போவோம்" என்றாள் அவள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. இதுவும் ஒரு ஷூ என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

டிவியின் முதுகில் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். கிளிக் என்று சத்தம் கேட்டது, படம் வரவில்லை. டிவியை அணைத்துப் போட்டாள், அதே எழுத்து. நான் கேபிள்காரர் கோதண்டராமனுக்குப் போன் அடித்தேன்.

"ரூட்டர்ல லைட்டெல்லாம் எரியுதாம்மா?"

கூடத்துக்கு ஓடிப் பார்த்தேன். "எரியுதுண்ணே."

"டிவி ஒயர் சொருகின எடத்துல குட்டி லைட்டு?"

"அது மட்டும் எரியல."

"பக்கத்து ஓட்டைல மாத்திச் சொருகு."

மாற்றினேன். அங்கேயும் எரியவில்லை.

"அப்போ ஒயர்லதான் கோளாறு. நான் ஜோலார்பேட்டைல ஒரு விசேஷத்துல இருக்கேன், சாயங்காலம் வர்றேன்."

அக்கா போனைப் பிடுங்கினாள். "சாயங்காலம் வந்து இன்னா பண்ணுவ, பேரப்புள்ளைக்குப் பேரு வெப்பியா? நாங்களே பாத்துக்குறோம்."

வைத்த கையோடு போன் அடித்தது. சமீருல்லா. "ஜோதிக்கா, இங்க ஒருத்தர்கூட பாக்கலன்னு காட்டுது. அம்மி எங்க? சம்மதம் கேக்க மாமா வந்துட்டாரு."

"இதோ வந்துரும்ப்பா. அக்கா, போன்லயாவது காதுல வெச்சுக் கேளேன். சத்தமாவது கேக்கும்."

"காதால கேட்டு எந்தப் பீஸடி பாஸ் பண்ணிருக்கேன்? எனக்கு அவ மொகத்தப் பாக்கணும்" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. ஒரு நொடிதான். "சமீரு, எனக்காக எதையும் நிறுத்தாத, நடக்கட்டும்" என்று கத்திவிட்டு ஒயருக்குப் போனாள்.

டிவியிலிருந்து ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒயரைப் பிடித்து, தையலைத் தடவுவது போலத் தடவிக்கொண்டே நகர்ந்தாள். ஆணிகள் எல்லாம் ஒயரை ஒட்டி வரிசையாக நேராக இருந்தன. இவள் அடித்ததில் குறை இருக்குமா என்ன என்று நானே நினைத்தேன். கதவுச் சட்டத்தின் மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

அங்கே ஆணி ஒயரின் ஓரத்தில் இல்லை. ஒயருக்குள் இறங்கியிருந்தது.

இத்தனை வருஷத்தில் மஹ்பூபி அக்காவின் கையில் நான் கண்ட முதல் குறை. வேறொரு நாளாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கரைத் தேடி எடுத்து அவள் நெற்றியிலேயே ஒட்டியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அவ பின்னாடி நின்னாளே, அப்போ அடிச்சது" என்றாள். "திரும்பிப் பாத்திருந்தா நான் அவள வுட்டிருக்க மாட்டேன் ஜோதி. கட்டிப் புடிச்சுக்கினு வாசல் வரைக்கும் போயிருப்பேன். அவர் இல்லாம எப்படிடி அனுப்புவேன்?"

காலையில் இவளை என்னவெல்லாம் நினைத்தேன். "அதுக்கு இப்ப நேரமில்ல, குறடு எங்க?" என்று அதட்டினேன். அவளை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

குறட்டால் ஆணியைப் பிடுங்கினாள். ஒயர் உள்ளே அறுந்திருந்தால் இதோடு சரி. உள்ளே இருக்கும் கம்பிகளை ஆணி ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருந்தால் பிழைத்தோம். மூலையில் ஒயரை நிமிர்த்தி விட்டாள். நான் கூடத்தில் ரூட்டரையே முறைத்துக்கொண்டு நின்றேன். குட்டி லைட் ஒரு தடவை மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கி, நின்று எரிந்தது.

"வந்துருச்சுக்கா!"

நான் படுக்கையறைக்குள் ஓடுவதற்குள் படமும் வந்துவிட்டது. சிவப்புத் துப்பட்டாவுக்குள் உமைமா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் தாய்மாமன், பக்கத்தில் சாட்சிகள் இரண்டு பேர். உருதுவில்தான் பேசினார்கள், இத்தனை வருஷத்தில் எனக்கு அது புரியும்.

"மூணாவது தடவ கேக்குறேம்மா. சம்மதமா?" என்றார் மாமன்.

அவள் வாயே திறக்கவில்லை. பின்னால் பெண்கள், வெட்கப்படுகிறாள் என்று சிரித்தார்கள். வெட்கமா, அவளுக்கா? மஹ்பூபி பெற்ற பிள்ளைக்கா?

போனைப் பிடித்திருந்த சமீருல்லாவின் குரல் எங்கள் பக்கத்திலேயே பேசுவது போலக் கேட்டது. "உமைமா, ஒருத்தர் பாக்குறாங்கன்னு வந்துருச்சு. அம்மி வந்துட்டாங்க."

உமைமா சட்டென்று தலையைத் தூக்கி நேராக எங்களைப் பார்த்தாள். இதற்காகத்தான் இத்தனை நேரம் எல்லோரையும் காக்க வைத்திருக்கிறாள். "அம்மி, பாக்குறீங்களா?" என்றாள்.

இங்கே பேசுவது அங்கே கேட்காது என்று அக்காவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். "பாக்குறேன்டி கண்ணு. திரும்பிட்டேன், பாரு, திரும்பிட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"கபூல்" என்றாள் உமைமா.

நானும் அழுதேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அக்கா முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டிவிக்கு அருகில் போய் நின்றாள். மகளை உச்சியிலிருந்து கீழே வரை, கம்பெனியில் பார்ப்பது போலவே நிதானமாகப் பார்த்தாள். நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"பாஸ்" என்றாள் மஹ்பூபி அக்கா.