மேல ஷெட்டு

சூடு போட்டுக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன் என்று மதுரையில் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். இந்த ஊர் வெயில் போதாதென்று அதற்கு ஓர் ஆளா என்று என் மச்சினன் இன்னும் கேலி செய்துகொண்டிருக்கிறான். ஆனால் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த கோழிக்குஞ்சுக்கு மார்கழி மாதத்தில் மதுரையும் குளிர்தான். கோழிப்பண்ணை ஷெட்டுகளில் ஹீட்டரையும் காற்றை வெளியே தள்ளும் ஃபேனையும் சுவரில் மாட்டிய ஒரு பெட்டி பார்த்துக்கொள்ளும். எப்போது சூடு, எம்மட்டுக்குக் காற்று என்று அந்தப் பெட்டிக்கு என் போனிலிருந்து புளூடூத்தில் சொல்லிவைப்பது என் வேலை.

இதில் பெரிய சௌகரியம், ஷெட்டுக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. உள்ளே போவதென்றால் மருந்துத் தண்ணீரில் காலை முக்க வேண்டும், செருப்பு மாற்ற வேண்டும், வெளியே வந்தால் சட்டையெல்லாம் நாற்றம். போன் என்றால் வேப்ப மர நிழலில் நின்றபடியே முடித்துவிடலாம். ரொம்ப தூரம் மட்டும் எட்டாது. வேலை முடிந்து விளாங்குடியில் என் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பெண் இரண்டு ஷெட் வைத்திருந்தார். கம்பெனி குஞ்சு கொடுக்கும், இவர் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பார். அதற்கு முன்னால் மேலூரில் கல்குவாரிக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். குஞ்சு வருகிற வரைக்கும்தான் பண்ணை, நின்றால் மறுபடி குவாரி என்று முதல் தடவை பார்த்தபோதே சிரித்துக்கொண்டே சொன்னார்.

மார்கழியில் ஒரு நாள் நான் போனபோது அவர் மருந்து வாங்க மேலூருக்குப் போயிருந்தார். பஸ்ஸில் இருந்தே போனில் பேசினார். "அண்ணே, சாயங்காலம் குஞ்சு இறங்குது. மேல ஷெட்டுக்குச் சூடு போட்டு வைங்க. கீழ ஷெட்டு கழுவிக் கெடக்கு, காயட்டும்."

ஒரு ஷெட் மேட்டில் இருந்தது. இன்னொன்று பள்ளத்தில், வயலை ஒட்டி. மேட்டில் இருப்பது மேல, பள்ளத்தில் இருப்பது கீழ. யோசிக்கக்கூட இல்லை. மேட்டு ஷெட்டின் பெட்டிக்குக் குஞ்சுக்கான சூட்டை வைத்தேன். பள்ளத்து ஷெட்டில் ஹீட்டரை நிறுத்தி, ஈரம் காய ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருந்தால் எந்த ஷெட்டில் குஞ்சுக்காக உமி விரித்திருக்கிறது என்று தெரிந்திருக்கும். இரண்டும் சாத்திக் கிடந்தன. மருந்துத் தண்ணீரில் காலை முக்க எனக்குச் சோம்பல், வண்டியை எடுத்துவிட்டேன்.

அவர் சொன்ன மேல என்பது மேற்கு. கீழ என்பது கிழக்கு. மேட்டு ஷெட் கிழக்கே இருந்தது, பள்ளத்து ஷெட் மேற்கே. இதை மதுரைக்காரனுக்கு ஒருவர் வந்து விளக்க வேண்டுமா? கோயிலுக்கு மேற்கே இருக்கிற மேலமாசி வீதி என்ன மேட்டிலா இருக்கிறது? பிறந்ததிலிருந்து அந்த வீதியைச் சுற்றிச் சுற்றி வந்தவன்தானே நான்.

இதுவரைக்கும் நடந்ததைத் தவறிப்போனது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் போன் செய்தார். குஞ்சு இறக்கியாகிவிட்டது, உள்ளே சூடே காணோம், ஃபேன் வேறு ஓடுகிறது, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். கண்ணால் பார்த்து, உடம்பால் உணர்ந்து கேட்கிறவர். நான் தட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை. "சூடு மெதுவாத்தாம்மா ஏறும். பெட்டில மட்டும் கை வச்சுராதீங்க, செட்டிங் கலைஞ்சுரும்" என்றேன். சரிண்ணே என்றார். சொன்னபடியே அவர் கை வைக்கவில்லை.

குளிர்ந்தால் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். படுதாவை இழுத்துக் கட்டி, வீட்டிலிருந்த போர்வைகளைக் கொண்டுபோய் மறைத்து, விடியும்வரை கையால் குவியலைக் கலைத்துக் கலைத்து விட்டிருக்கிறார். காலையில் காலித் தீவனத் தட்டு எடுக்க இன்னொரு ஷெட்டைத் திறந்தபோதுதான் அவருக்கே புரிந்திருக்கிறது. என்னை அழைத்துத் திட்டவில்லை. "அண்ணே, கீழ ஷெட்டு அடுப்பாட்டம் கெடக்கு. உள்ள ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி சூப்பர்வைசர் வந்துவிட்டிருந்தார். ஷெட் ஓரத்தில் செத்த குஞ்சுகளைத் தீவனச் சாக்கில் அள்ளிவைத்திருந்தார்கள். ஒன்றிரண்டு சாக்கு அல்ல. எப்படி ஆச்சு என்று சூப்பர்வைசர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டார்.

"நாந்தேன் சார் சொல்லுல தப்புப் பண்ணிட்டேன். மேக்க உள்ள ஷெட்டுன்னு வெளங்கச் சொல்லிருக்கணும். டவுன்ல இருக்கவுகளுக்கு எங்க பேச்சு எப்படித் தெரியும்?"

இல்லை, தவறு என்னுடையது, அவர் கேட்டபோதும் கை வைக்க வேண்டாம் என்று தடுத்தவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். போன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பண்ணைக்கு இப்போதைக்குக் குஞ்சு கிடையாது, பிறகு பார்ப்போம் என்று சூப்பர்வைசர் கிளம்பினார்.

அந்த வாரமே மனசு கேட்காமல் சூப்பர்வைசரைப் போனில் பிடித்து உள்ளதைச் சொன்னேன். அவர் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மாதேன் ஒத்துக்கிருச்சே சார், விடுங்க" என்றார். விட்டால் போதும் என்று நானும் வற்புறுத்தவில்லை. ஷெட்டுகள் காலியாகக் கிடந்தன. தை, மாசி முழுக்க அந்தப் பெண் குவாரிக்குப் போனார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பங்குனியில் அவருக்கு மறுபடி குஞ்சு கொடுத்தார்கள். பெட்டியைச் சரிபார்க்க என்னைத்தான் கூப்பிட்டார், வேறு ஆளை அல்ல. காலை முக்கிவிட்டு முதலில் ஷெட்டுக்குள் போனேன். உமி விரித்துத் தயாராக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன், போனை எடுத்துப் பெட்டியோடு இணைக்கத்தான் செய்தேன். குவாரித் தூசியில் வெடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அண்ணே, குஞ்சு வெஸ்ட்டு ஷெட்டுக்கு. ஈஸ்ட்டு ஷெட்டு காலி. எம்மககிட்டக் கேட்டுப் பழகிக்கிட்டேன். இப்பச் சரியாச் சொல்றேனா?"